தவிட்டுச் சட்டியும் வாத்தும்

கோழிகளோடு குடியிருக்க வந்த வாத்துக்கு ஒரே கவலைதான். கோழிப் பாஷையில் ஒரு பிழைகூட வந்துவிடக் கூடாது.

தவிட்டுச் சட்டியைச் சுற்றிக் கோழிகள் முட்டி மோதும். வாத்து மட்டும் பின்னால் நின்று மனசுக்குள் வாக்கியம் கோத்துக்கொண்டிருக்கும். கோத்து முடித்து, தொண்டையைச் செருமி, "மதிப்பிற்குரிய கோழிகளே, சற்று விலகி எனக்கும் இடம் அளிப்பீர்களா?" என்று கேட்பதற்குள் சட்டி காலியாகிவிடும்.

"பாட்டு பிரமாதம்!" என்று சொல்லிவிட்டுக் கோழிகள் அலகை மண்ணில் துடைத்துக்கொண்டு போய்விடும்.

வாத்தின் வயிறு முதுகோடு ஒட்டிப்போயிற்று. அப்படியிருக்கையில் ஒருநாள், சட்டிக்கு ஓடிய மொட்டைக்கழுத்துக் கோழி அதன் காலை நன்றாக மிதித்துவிட்டது. வாத்துக்கு வந்ததே கோபம்!

"ஏய், கண்ணு என்ன முதுகுலயா இருக்கு? தள்ளுடி அந்தப் பக்கம்! இங்க நிக்கிறவ என்ன மரமா?"

சொன்ன பிறகு வாத்துக்கே திக்கென்றது. கோழிகள் தங்களுக்குள் தினமும் ஏசிக்கொள்வதுதான். கேட்டுக் கேட்டுத் தன் வாயிலும் வந்து உட்கார்ந்திருக்கிறது.

மொட்டைக்கழுத்துக் கோழி வாயைப் பிளந்தபடி நகர்ந்து இடம் விட்டது.

"அடிப்பாவி, உனக்குப் பேசவும் வருமா? இத்தனை நாளா பாடிக்கிட்டே நின்னியேடி!"