அவனாக் கூப்பிடட்டும்

"மதினி, அந்தா வாரான் பாரு உம் மகன்! கோட்டும் தொப்பியுமா, போட்டோவுல இருக்க மாதிரியே இருக்கான்!"

தங்கப்பொண்ணு போட்ட சத்தத்தில் மதுரை ஸ்டேஷன் வாசலில் நின்ற ஜட்கா வண்டிக்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒச்சாயி அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"கத்தாதடி. நாலு பேரு பாக்குறாக."

"பாக்கட்டுமே! ரங்கூன்ல படிச்சு வாத்தியாரா வாரான். நானா இருந்தா இந்நேரம் ஓடிப்போயிக் கட்டிப்பிடிச்சிருப்பேன்."

"அவனாக் கூப்பிடட்டும். கூட யாரோ பெரிய மனுசரு வாராரு. 'இது யாருப்பா'ன்னு அவரு கேட்டு, எம்பிள்ளை முழிக்கணுமா?"

ஒன்பது வயது மகன் கருப்புவை அவனுடைய தாய்மாமனோடு கப்பலேற்றி அனுப்பியவள் ஒச்சாயிதான். அவனியாபுரத்திலேயே இருந்தால் பண்ணைக்கு மாடு மேய்க்கத்தான் விடுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அதற்கு முன்பே, வயலில் களை பறித்துவிட்டு வந்த கையோடு அவனை மண்ணில் எழுத உட்கார வைப்பாள். அவளுக்கு ஓர் எழுத்தும் தெரியாது. ஆனாலும் கோடு கோணலாகத் தெரிந்தால் முதுகில் ஒன்று வைப்பாள். அந்த அடியும் பிள்ளையோடு சேர்ந்து கப்பலேறிப் போயிற்று. பிறகு இத்தனை வருஷமும் ஒற்றை ஆளாகக் கூழ் காய்ச்சிக் குடித்தாள். ஒருத்திக்கு மட்டும் அடுப்பு மூட்டுவது எவ்வளவு பெரிய கொடுமை என்று அவளைக் கேட்டால் சொல்லியிருப்பாள். யாரும் கேட்கவில்லை.

இப்போது கருப்புக்குத் திருமங்கலம் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வேலை. 'ஆத்தாவை ஸ்டேஷன் வாசலுக்கு வரச் சொல்லுங்கள். அங்கிருந்தே அடுத்த ரயிலில் என்னோடு கூட்டிப் போகிறேன்' என்று ஊருக்கு எழுதியிருந்தான்.

அது தெரிந்ததிலிருந்து ஒச்சாயியைப் பாடாய்ப் படுத்தியவள் இந்தத் தங்கப்பொண்ணு. கருப்பு போன பிறகு பக்கத்து வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தவள். நல்ல மனசுக்காரிதான், வாய்தான் நிற்காது. "தொரை மாதிரி வாரான். நீ இப்பிடியே போயி நின்னா அவனுக்குத்தான குறைச்சல்?" என்று சொல்லிச் சொல்லியே ஒச்சாயியை வெற்றிலையை விட வைத்தாள். ஆயுசில் முதல் தடவையாக ரவிக்கை போட வைத்தாள். அது அக்குளில் பிடித்தது. மகனுக்காகப் பொறுத்துக்கொண்டு நின்றாள் ஒச்சாயி.

கருப்பு கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக வந்தான். அவன் பார்வை ஒச்சாயி மேல் பட்டது. பட்டதும் அப்படியே தாண்டிப் போய்விட்டது.

"என்ன மதினி இது? உன்னப் பாத்துட்டுத்தான போறான்!"

"கூட்டத்துல தெரிஞ்சிருக்காது."

கருப்பு பூக்காரக் கிழவி ஒருத்தி முன்னால் நின்றான். குனிந்து பார்த்து ஏதோ கேட்டான். அவள் இல்லையென்று தலையாட்டியதும் நிமிர்ந்து வேறு பக்கம் போனான். தங்கப்பொண்ணுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பூக்காரிகிட்டப் பேச வாயி இருக்கு, பெத்தவகிட்டப் பேச இல்லையாக்கும்! கூட அந்தப் பெரியவரு இருக்காருல்ல, அதான் தெரியாத மாதிரி நடிக்கிறான். எல்லாம் படிச்ச திமிரு!"

"அவன ஒண்ணும் சொல்லாத. அம்புட்டுத் தூரம் அனுப்பிவிட்டது நான்தான?"

அவன் மறுபடியும் வந்தான். இந்தத் தடவை கை நீட்டினால் தொடுகிற தூரம். ஒச்சாயி அழுகையை விழுங்கிக்கொண்டு அவனைப் பார்த்துச் சிரித்தாள். யாரோ ஒரு கிராமத்து அம்மாவுக்குச் சிரிப்பது போல அவனும் சிரித்துவிட்டு நடந்தான்.

"போதும் தங்கப்பொண்ணு. வீட்டுக்குப் போவோம்."

"நல்லா நாலு வார்த்தை கேட்டுட்டு வாரேன், இரு!"

"வேணாம். எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும்."

தனியாக இருந்த வருஷங்களில்கூட, என்றைக்காவது வருவான் என்ற ஒரு நினைப்பு துணைக்கு இருந்தது. இனி அதுவும் இல்லை. ஒச்சாயி மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு தெருப் பக்கம் திரும்பினாள்.

பின்னால் பூட்ஸ் சத்தம் ஓடி வந்தது.

"பெரியம்மா, கொஞ்சம் நில்லுங்க!"

கருப்புதான். மூச்சு வாங்கியது. கண் கலங்கியிருந்தது.

"திருமங்கலம் வண்டி கிளம்பப் போகுது. எங்க ஆத்தாவை இன்னும் காணோம். இங்கனதான் வந்து நிக்கச் சொல்லியிருந்தேன். அது இல்லாம நான் போக மாட்டேன் பெரியம்மா. சின்னப் பையனாப் போனவன், மூஞ்சி சரியா ஞாபகம் இல்ல. ஆனா காது மறக்கல. தண்டட்டி போட்டு வளத்த காது, தோளு வரைக்கும் தொங்கும். அந்த ஓட்டையில விரலைக் கோத்துக்கிட்டுத்தான் தூங்குவேன். ரங்கூன்ல எம்புட்டு நாளு அந்தக் காதைத் தேடி அழுதிருக்கேன் தெரியுமா? அப்பிடிக் காதோட யாரையும் பாத்தீங்களா?"

தங்கப்பொண்ணு தலையைக் குனிந்துகொண்டாள். அவள் பேச்சைக் கேட்டு, மகனுக்குக் குறைச்சலாகிவிடக் கூடாதென்று போன மாதம் ஆஸ்பத்திரியில் அறுத்துத் தைத்துக்கொண்ட காதுகளை ஒச்சாயி இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.