பக்கத்துக் கட்டில்காரர்

அப்பா செத்து முழுசாக ஒரு நாள் ஆகவில்லை. அதற்குள் அவருடைய நீல ஸ்வெட்டரைப் பக்கத்துக் கட்டில்காரர் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மகனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கீழே அப்பாவை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சாமான்களை எடுத்துப் போகலாம் என்று வார்டுக்கு ஏறி வந்தவன்தான். நாலு மாதமாக எட்டிப்பார்க்காதவன். அப்பா கடைசிவரை தன்னைத் திட்டிக்கொண்டே போனாரோ என்று உள்ளுக்குள் ஒரே அரிப்பு.

ஆனால் ஸ்வெட்டர் விஷயத்தில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. போன மாதம் நர்ஸ் அனுப்பிய போட்டோவில் அப்பா இதைத்தான் போட்டுக்கொண்டு சிரித்தார். மேல் பித்தான் மட்டும் வெள்ளை.

"பெரியவரே, அது எங்கப்பாவோடது."

பெரியவர் குனிந்து தன் நெஞ்சைப் பார்த்துக்கொண்டார். அப்புறம் அவனைப் பார்த்தார்.

"ஆமா தம்பி. குளிருச்சு, எடுத்து மாட்டிக்கிட்டேன். தப்புதான்."

கழற்ற நேரம் பிடித்தது. ஒரு கையில் ஊசி ஏறியிருந்தது. மகன் கைகொடுக்கவில்லை. உள்ளே வெறும் பனியன்.

சூடு ஆறுவதற்குள் இப்படிச் செய்யலாமா என்று இன்னும் நாலு வார்த்தை கேட்டான். பெரியவர் கேட்டுக்கொண்டே ஸ்வெட்டரை நீவிவிட்டார். மடித்துக் கொடுத்துவிட்டு, உட்காரச் சொன்னார்.

வார்டில் அவருக்கு ரேடியோ என்று பெயராம். வாயே ஓயாதாம். அதையும் அவரே சொன்னார். அப்பா சீட்டாட்டத்தில் கூசாமல் ஏமாற்றுவாராம். ஊசி போட ஆள் வந்தால் பொய்க்குறட்டை விடுவாராம். மகன் சிரித்துவிட்டான். சிரித்த வாய் அப்படியே கோணிக்கொண்டது.

"என்மேல கோவமா இருந்தாரா?"

"கோவமா? வர்றவங்க போறவங்ககிட்டல்லாம் இந்த ஸ்வெட்டரை இழுத்து இழுத்துக் காட்டுவாரு. என் பையன் அனுப்பினான், என் பையன் அனுப்பினான்னு."

மகன் தலையைக் குனிந்துகொண்டான்.

அவன் அனுப்பவில்லை. குளிருதுடா, ஒரு ஸ்வெட்டர் அனுப்பு என்று அப்பா ஃபோனில் கேட்டது நிஜம். இதோ, நாளைக்கு என்று இவன் இழுத்தடித்ததும் நிஜம். போட்டோவைப் பார்த்ததும், எப்படியோ வாங்கிக்கொண்டார் போல என்று நிம்மதியாக விட்டுவிட்டான்.

"பத்திரமா வச்சுக்க தம்பி" என்று பெரியவர் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார்.

வார்டு வாசலில் நர்ஸ் ஒரு தாளை நீட்டினாள். அப்பாவின் சாமான் பட்டியல். கண்ணாடி, பல்செட், செருப்பு, துண்டு. சரிபார்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னாள்.

"ஸ்வெட்டரை எழுதலையே சிஸ்டர்?"

அவன் கையில் இருந்ததை அவள் பார்த்தாள். திரும்பிக் கட்டிலைப் பார்த்தாள்.

"அது ரேடியோ தாத்தாவோடதுங்க. உங்கப்பா நடுங்குறதைப் பார்த்துட்டுக் கழட்டி அவருக்குப் போட்டுவிட்டாரு. நாப்பது நாள் கழிச்சு இன்னைக்குக் காலையிலதான் அவரு திரும்ப மாட்டினாரு."