மே தினத் தீர்மானம்

“தலைவரே, ஊரு வாசல்ல அலங்கார வளைவு கட்டுறேன்னு அள்ளி எறைக்கிறீங்களே, இது என்ன ஒங்க அப்பன் வூட்டுக் காசா?”

ஜெயப்பிரகாஷ் கத்திய கத்தலில் மைக் கீச்சிட்டது. சிமெண்ட் ஆலைக்கு ஆறு லாரி ஓட்டுகிறவர். ஊரில் இரண்டு மாடி வீடு அவருடையது ஒன்றுதான். வீட்டு வரியைப் பாதியாகக் குறைக்கச் சொல்லி போன கிராம சபையிலும் தொண்டை கிழியக் கத்தியிருந்தார்.

நடு நாற்காலியில் சால்வையும் வெள்ளைச் சட்டையுமாக இருந்த சிங்காரவேலு மேசையில் ஓங்கித் தட்டினார்.

“மாடி மேல மாடி கட்டத் தெரியுது, வரி கட்ட மட்டும் வலிக்குதா? வரிய கொறச்சா தெருவெளக்கு ஒங்க லாரி பேட்டரியிலயா எரியும்?”

விக்கிரமங்கலத்துக்குப் பக்கத்தில் உள்ள சின்ன ஊராட்சி அது. பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டு மே தினக் கிராம சபை நடந்துகொண்டிருந்தது. இவருக்கு ஒரு கட்சி, அவருக்கு எதிர்க்கட்சி. பத்து வருஷமாக ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு மற்றவர் போவதில்லை.

ஜனங்கள் பையில் சர்க்கார் கையை விடக் கூடாது என்றார் ஜெயப்பிரகாஷ். செலவு செய்யாத சர்க்கார் எதற்கு, பூட்டிவிட்டுப் போகலாமே என்றார் சிங்காரவேலு. டில்லி பட்ஜெட்டே இவர்கள் கையில் இருப்பதுபோல் முக்கால் மணி நேரம் அடித்துக்கொண்டார்கள். நடுவில் ஒரு நாற்காலி பறந்தது. ஒருவன் சட்டை கிழிந்தது.

ஊராட்சிச் செயலர் செந்தில்குமார் பயந்துகொண்டே எழுந்து கணக்கைச் சொன்னார். இப்போதே வரவைவிடச் செலவு அதிகம். வரியையும் பாதியாக்கி, வளைவையும் கட்டினால் பற்றாக்குறை இரண்டு மடங்காகும். எதையாவது ஒன்றை விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

“என் வரிதான் கொறையணும்” என்றார் ஒருவர். “எங்கப்பா பேருல வளைவு நிக்கணும்” என்றார் மற்றவர். வளைவில் வரப்போவது தன் அப்பா பெயர் என்று சிங்காரவேலு வாய்தவறிச் சொன்னதை யாரும் கண்டுகொள்ளவில்லை.

மேசைக்கு முன்னால் தரையில் துப்புரவு வேலை பார்க்கும் பெண்கள் நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஊராட்சிப் பணத்தில்தான் அவர்களுக்குச் சம்பளம். அவர்களோடு ஐந்தாவதாகச் சிந்தாமணியும் இருந்தாள். அவள் உள்ளே வந்தபோதே, இவளுக்கு இங்கே என்ன வேலை என்பதுபோல் சிங்காரவேலு முறைத்திருந்தார்.

ஜெயப்பிரகாஷின் கண் அந்தப் பெண்கள் பக்கம் போனது. குரலை இறக்கிக்கொண்டார்.

“நமக்குள்ள எதுக்கு சண்ட? வளைவு ஒங்களுக்கு, வரி எனக்கு. கூட்டுற பொம்பளைங்க நாலு பேரையும் நிறுத்திடுங்க. கணக்கு நேராயிடும்.”

சிங்காரவேலு யோசித்தார். பிறகு சிரித்தார். பத்து வருஷத்தில் அந்த ஆளைப் பார்த்து அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. கூட்டம் கை தட்டியது. வரி குறைந்தால் யாருக்குத்தான் கசக்கும்?

இலக்கியா எழுந்து கும்பிட்டாள். புருஷன் இல்லாதவள். அந்தச் சம்பளத்தை வைத்துத்தான் மகளை ஜெயங்கொண்டத்தில் நர்சிங் படிக்க வைத்திருந்தாள்.

“அய்யா, இன்னும் ஒரு வருஷம் படிப்பு பாக்கி இருக்குங்க. அதுவரைக்குமாவது விடுங்க.”

“தீர்மானம் முடிஞ்சுபோச்சு. ஒக்காரு” என்றார் சிங்காரவேலு.

அவள் அப்படியே சரிந்து உட்கார்ந்து அழுதாள். உழைப்பாளர் தினமும் அதுவுமாக நாலு பேர் பிழைப்பில் மண்ணைப் போட்டதற்கு ஒருவருக்கும் வெட்கம் இல்லை. டீயும் பிஸ்கட்டும் வந்தன.

செந்தில்குமார் தீர்மானப் புத்தகத்தில் மளமளவென்று எழுதி முடித்தார். கையெழுத்துக்கு இடம் விட்டுவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்வதாகச் சிங்காரவேலுவிடம் சொன்னார். எப்போதும் அப்படித்தான் நடக்கும்.

சிந்தாமணி எழுந்தாள். செந்தில்குமார் பக்கம் திரும்பினாள்.

“அத அடிச்சுடுங்க தம்பி. நாலு பேரும் வேலையில இருக்கட்டும். வளைவும் வேணாம், வரியும் கொறைய வேணாம்.”

டீக் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ஜெயப்பிரகாஷ் இளித்தார்.

“என்ன தலைவரே, சொந்தப் பொண்டாட்டியவே அடக்க முடியல. ஊர எங்க அடக்குறது?”

கூட்டம் சிரித்தது. சிங்காரவேலுவின் முகம் கறுத்தது. உட்கார்ந்த இடத்திலிருந்தே விரலை நீட்டினார்.

“வூட்டுக்குப் போடி. வந்து ஒன்ன வச்சுக்குறேன். ஊர்ப் பணத்தப் பத்திப் பேச நீ யாரு?”

இருபத்திரண்டு வருஷமாக அந்த விரலுக்குப் பயந்தவள்தான். இன்று நேராக மேசைக்கு வந்தாள். செந்தில்குமாரின் கையிலிருந்து பேனாவை வாங்கி, தீர்மானத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்தாள். பிறகு புருஷனைப் பார்த்துச் சொன்னாள்:

“எலெக்‌ஷன்ல ஜெயிச்ச தலைவரு நான். எந்திரிங்க.”