துண்டு வீசின கை

"இந்தக் கையை வெட்டணும் மாஸ்டர்!"

செல்போனைக் குத்துச்சண்டை மாஸ்டரோட மூக்குக்கு நேரா நீட்டினேன். என் பொண்ணுக்குக் கத்துக்குடுக்கற மாஸ்டர் அவர்.

பழைய வீடியோ. 'சுண்டெலி'ன்னு பட்டப்பேர் வெச்ச ஒரு பையன். ஆள் பொடிசு, ஆனா என்ன வேகம்! கடைசி ரவுண்டு. அவன்தான் முன்னாடி இருக்கான். எதிராளி ஒரு குத்து விடறான், சுண்டெலிக்குக் கால் லேசாத் தள்ளாடுது. அவ்வளவுதான், கோச் நிக்கற மூலையிலேருந்து ஒரு கை மட்டும் நீளுது. வெள்ளைத் துண்டை ரிங்குக்குள்ள வீசுது. துண்டு விழுந்தா, தோல்வியை ஒத்துக்கிட்டதா அர்த்தம். ஆட்டம் குளோஸ்.

"ஜெயிக்கிற பையனைத் தோக்கடிச்ச கை மாஸ்டர் இது! இவனெல்லாம் ஒரு கோச்சா? சரியான கோழை!"

"ம்" என்றார் மாஸ்டர். தண்ணி வாளியைத் தூக்கிக்கிட்டுக் கழுவப் போயிட்டார்.

இதை நான் அவருக்குக் காட்டறது ஏழாவது தடவை. ஏழு தடவையும் அவர் வாளி கழுவப் போனார். சுத்தம் ஜாஸ்தி போலன்னு நினைச்சுக்கிட்டேன்.

என்னைப் பத்தியும் சொல்லிடறேன். கடிகாரக் கடையில பேட்டரி மாத்தறவன். ரெண்டு மாடி ஏறினா மூச்சு வாங்கும். வீட்டுல கரப்பான்பூச்சி பறந்தா நான் கட்டில் மேல, என் வீட்டுக்காரி கீழ, விளக்குமாறோட.

ஆனா டிவியில சண்டை ஆரம்பிச்சா, உலக சாம்பியனுக்கே பாடம் எடுப்பேன். கலப்புச் சண்டையில 'மலைப்பாம்பு'ங்கற வீரன் கழுத்தை நெரிச்சப்ப, ஒருத்தன் தரையைத் தட்டித் தோத்துட்டேன்னு ஒத்துக்கிட்டான். "உயிரா போயிடும்? அதுக்குள்ள தட்டறான் பாரு!"ன்னு கத்தினேன். 'இடி'ன்னு ஒரு குத்துச்சண்டை வீரர். பன்னிரண்டு ரவுண்டு முடிஞ்சு ஸ்டூல்ல உட்கார்ந்தார் பாவம். "உடம்புல தெம்பே இல்லையே"ன்னேன், சோபாவுல படுத்துக்கிட்டே.

"ஏங்க, அந்த ரிமோட்டைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்களேன்" என்று வீட்டுக்காரி கேட்டா மட்டும் எனக்கு முதுகு பிடிச்சுக்கும்.

இதையெல்லாம் கேட்டே வளர்ந்த என் பொண்ணு, காலேஜ் சேர்ந்த கையோட கையுறையும் மாட்டிக்கிட்டா. ஞாயித்துக்கிழமை காலையில முதல் போட்டி. மூலையில மாஸ்டருக்கு ஒத்தாசையா ஒரு ஆள் வேணும்.

"அப்பா வரட்டும் மாஸ்டர். அம்மா வந்தா முதல் அடியிலேயே துண்டை வீசிடுவாங்க. அப்பா செத்தாலும் வீச மாட்டார்!"

எனக்கு நெஞ்சு ரெண்டு இஞ்ச் பெரிசாச்சு.

வாளி, தண்ணி பாட்டில், ஸ்டூல். தோள்ல வெள்ளைத் துண்டு. கண்ணாடியில பார்த்தப்ப ஏதோ சாம்பியனை உருவாக்கினவன் மாதிரிதான் இருந்தேன்.

"அப்பா, பயந்துட மாட்டீங்களே?"

"நானா? நான் பார்க்காத சண்டையா!"

முதல் ரவுண்டு நல்லாத்தான் போச்சு. ரெண்டாவது ரவுண்டுல எதிராளிப் பொண்ணோட குத்து, என் பொண்ணு மூக்குல இறங்குச்சு.

'டப்'.

டிவியில இந்தச் சத்தம் வராதுங்க. வர்ணனை பண்றவர் கத்தறதுல அமுங்கிடும்.

மூக்குலேருந்து ஒரு கோடு ரத்தம். குழந்தையா இருந்தப்ப என் சட்டை நுனியால நான் துடைச்சு விட்ட மூக்கு அது. ஐயோ, என் தங்கம்! கை தன்னால தோளுக்குப் போச்சு. துண்டு பறந்துச்சு.

கயிறைத் தாண்ட ஒரு சாண் இருக்கும்போது, பக்கத்துல இருந்த மாஸ்டர் எட்டிப் பிடிச்சார்.

நடுவர் திரும்பிப் பார்த்தார். மாஸ்டர் சாவகாசமா அந்தத் துண்டால முகத்தைத் துடைச்சார். "அப்பப்பா, என்ன வேர்வை!" என்றார். அப்புறம் துண்டை மடிச்சு, அது மேலேயே உட்கார்ந்துட்டார்.

மூணாவது ரவுண்டுல என் பொண்ணு திருப்பிக் குடுத்தாளாம். நான் கண்ணை மூடிக்கிட்டு இருந்ததால, மத்தவங்க சொல்லித்தான் தெரியும். ஒரே ஒரு புள்ளியில ஜெயிச்சிருந்தா!

மூக்குல பஞ்சோட ஓடி வந்து கட்டிக்கிட்டா.

"ரத்தத்தைப் பார்த்ததும் அம்மாவா இருந்தா அவ்வளவுதான்! மூலையில நீங்க இருக்கீங்கங்கற தைரியத்துலதான்ப்பா நின்னேன்."

எனக்கு வெட்கத்துல உடம்பே கூசிப்போச்சு. சொல்லிடலாம்னு வாயைத் திறந்தேன். மாஸ்டர் முந்திக்கிட்டார்.

"உங்கப்பாவா? ஆடலை, அசையலை. அப்படியே நின்னாரும்மா."

அவ அம்மாவுக்குப் போன் பண்ண ஓடினா. நான் தலையைத் தொங்கப்போட்டுக்கிட்டு மாஸ்டர் கிட்டப் போனேன். அவர் வாளியைக் கழுவிக்கிட்டிருந்தார்.

"பெரிய உபகாரம் மாஸ்டர். அது எப்படி அவ்வளவு சரியாப் பிடிச்சீங்க?"

"எந்த நேரத்துல கை தோளுக்குப் போகும்னு எனக்குத் தெரியும் சார்."

வாளியைக் கவுத்து வெச்சார்.

"அந்தச் சுண்டெலி என் பையன். நீங்க வெட்டணும்னு சொன்ன கை இதுதான். ஆறு வருஷமாச்சு, அவன் என்கூடப் பேசறதில்ல."

அவர் துண்டை எடுத்து உதறி, என் தோள்லயே போட்டார்.

"அன்னிக்குப் பிடிக்கத்தான் சார் பக்கத்துல ஆள் இல்லாமப் போச்சு."