சிக்னல் கம்பத்துக் குடித்தனம்

கிழக்கே புது அடுக்குமாடிகள், மேற்கே பழைய ஓட்டுவீடுகள், நடுவே ஒரு சிக்னல் கம்பம். கூடு கட்ட இடம் தேடி ஆண் மைனா பத்து நாளாக இரண்டு பக்கமும் அலைந்தது. கிழக்கே ஏசி பெட்டிக்குப் பின்னால் சொகுசான இடம். ஆனால் மருந்துக்கும் ஒரு புழு கிடையாது. மேற்கே ஓட்டுக்கடியில் புழுவுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பூனை இருந்தது.

"எதுக்கும் இன்னொரு தடவை பார்த்துட்டு வந்துடறேன்" என்று பறக்கும். அதற்குள் கிழக்கே புறா குடியேறிவிட்டது, மேற்கே அணில்.

"என்னங்க, எனக்கு நாள் நெருங்கிடுச்சு" என்றது கம்பத்தில் காத்திருந்த பெண் மைனா.

"இரும்மா, அவசரப்பட்டு மாட்டிக்கக் கூடாது."

அன்று மாலை திரும்பியபோது கம்பத்தில் மனைவியைக் காணோம். ஆண் மைனா பதறிப்போனது. எரியாத பச்சை விளக்கின் கூண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது: "இங்கேதாங்க இருக்கேன். முதல் முட்டை வந்தாச்சு."

ஆண் மைனா உடனே போய் வைக்கோல் பொறுக்கி வந்தது.

மறுவாரம் ஓர் இளம் ஜோடி கம்பத்தில் வந்து உட்கார்ந்தது. "அண்ணே, இங்கே ஏதாவது இடம் கிடைக்குமா?"

ஆண் மைனா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டது.

"இங்கேயா? கஷ்டம் தம்பி. ரெண்டு ஏரியாவுக்கும் சென்டராச்சே!"