மாப்பிள்ளையின் நடை

"பேசாதே, வருது! காது கொடுத்துக் கேளு!"

பால்காரர் விரலைத் தூக்கவும், கரண்டியில் மருந்தை ஊற்றிக்கொண்டிருந்த அவர் மனைவி அப்படியே நின்றாள். ஜன்னலுக்கு வெளியே கல் பாவிய சந்தில் குளம்புச் சத்தம் நெருங்கியது. மூன்று கால்கள் கணீரென்று விழ, ஒரு கால் மட்டும் மெத்தென்று விழுந்தது. சத்தம் சந்து முனையில் திரும்பி, லாயத்துப் பக்கம் போய் அடங்கியது.

"எப்படி நடக்கிறான் மாப்பிள்ளை?"

"நீங்களே கேட்டீங்களே. அதே நொண்டல்தான். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வாயைத் திறங்க."

வைக்கோல் பரணிலிருந்து விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டவர் அவர். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகும் மல்லாந்த படுக்கைதான். காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். ஜன்னலோ தலைமாட்டில் இருந்தது. குதிரையைக் காதால் பார்ப்பதோடு சரி.

இவர்கள் கல்யாணம் முடிந்த கையோடு பால் வண்டி இழுக்க வந்த குதிரை அது. முன்னால் வைத்ததை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இரண்டாம் தரம் கெஞ்சினால்தான் வாயில் வைக்கும். "எங்க வீட்டு மாப்பிள்ளை நீங்களா, இதுவா?" என்று மைத்துனன் கேட்டான். அன்றிலிருந்து அதன் பெயரே மாப்பிள்ளை.

முன்னங்கால் குளம்புக்குள் எலும்பு தேய்ந்து, வருஷக்கணக்கில் நொண்டியது. வண்டியிலிருந்து அவிழ்த்து விட்டாயிற்று, எண்ணெய், கட்டு, ஊசி எல்லாம் பார்த்தாயிற்று. "இனிமே வச்சிருந்தா அது பாசம் இல்லை, பாவம். ஊசி போட்டுத் தூங்க வச்சுடலாம்" என்று மாட்டு டாக்டர் கடைசியாகச் சொல்லிவிட்டார். சொன்ன வாரமே இவர் பரணிலிருந்து விழுந்தார். ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போகும்போதும் மனைவியின் கையை விடவில்லை.

"அவன் போகத்தான் போறான், எனக்குத் தெரியும். ஆனா அப்ப அவன் தலை என் மடியில இருக்கணும். நான் வர்ற வரைக்கும் டாக்டரை உள்ளே விடாதே. சத்தியம் பண்ணு."

அவள் சத்தியம் பண்ணினாள்.

"இந்தா" என்று இப்போது தட்டிலிருந்து ஒரு கேரட்டை எடுத்து நீட்டினார். "மறக்காம கொடு. வேண்டாம்னு திரும்பிக்குவான், விட்டுடாதே."

தினமும் நடப்பதுதான். அவள் அதைக் கைக்குள் பொத்திக்கொண்டாள்.

வாசலில் காலை உதறிவிட்டு மைத்துனன் உள்ளே வந்தான். லாடம் அடிப்பது அவன் தொழில். அத்தான் படுத்ததிலிருந்து காலையில் குதிரையை நடத்துவதும் அவன்தான்.

"ஏன் மச்சான், ஜன்னல்கிட்ட நிக்கவே மாட்டேங்கிறானே? முன்னெல்லாம் கம்பியில மூக்கைத் தேய்க்காம நகர மாட்டான்."

"ரோஷம் அத்தான். நீங்க போய் விசாரிக்கலை இல்லே?"

"அதுசரி. மாப்பிள்ளைன்னா சும்மாவா!" பால்காரர் சிரித்தார். "ரொட்டிக்காரர் வேன் வாங்கிட்டாராமே. அவர் குதிரை என்ன பண்ணுது?"

"அதுக்கென்ன, கொடுத்து வச்ச ஜென்மம். சும்மா நின்னு தின்னுது" என்றவன், சுத்தியலை லாயத்திலேயே விட்டுவிட்டதாக ஞாபகம் வந்து உடனே கிளம்பிவிட்டான்.

மத்தியானம் ஆஸ்பத்திரி டாக்டர் வந்தார். எலும்பு நன்றாகக் கூடிவிட்டது என்று சொல்லி எடையை அவிழ்த்தார்.

"நாளைக்குக் காலையில ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார வைங்க. நாலு மனுஷங்களைப் பார்க்கட்டும்."

அவர் போனதும் அவள் போர்வையை மடித்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள்.

"நாளைக்கே வேணுமாங்க? இன்னும் ரெண்டு நாள் போகட்டுமே. அவசரப்பட்டு உட்கார்ந்து, ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிட்டா..."

பேச்சு முடியவில்லை. அழுகை முந்திக்கொண்டது. கணவன் எழுந்து உட்காரப் போகிறார் என்றால் சந்தோஷப்பட வேண்டியவள், போர்வையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விசும்பினாள்.

அவர் கையை நீட்டி அவள் தலையைத் தொட்டார்.

"போகும்போது அவன் தலையை யார் பிடிச்சுக்கிட்டா?"

அவள் விசும்பல் சட்டென்று நின்றது.

"நான்தாங்க" என்றாள். "உங்களுக்கு ஆபரேஷன் நடந்த அன்னிக்கு. படுத்தவன் எந்திரிக்கவே இல்லை. வலி தாங்காம அவன் கத்தினதைக் கேட்டிருந்தா நீங்களே டாக்டரைக் கூப்பிட்டிருப்பீங்க. என் மடியிலதான் வச்சிருந்தேன். ஆனா சத்தியம் பண்ணிட்டேனே... எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு உங்ககிட்ட சொல்லுவேன்?"

அவர் கண்ணோரத்தில் வழிந்தது காதுப் பக்கம் இறங்கியது. அதைத் துடைக்கவும் அவருக்குத் தோன்றவில்லை. "நான் பக்கத்துல இல்லாம போயிட்டேனே" என்று மட்டும் சொன்னார்.

"எப்பத் தெரிஞ்சுது?"

"வீட்டுக்கு வந்த மறுநாளே. வலிக்கிற கால் சந்து முனையில திரும்பறப்பத் தயங்கும். இது தயங்கலை. நீயா சொல்லுவேன்னு காத்திருந்தேன்."

"அப்ப தினமும் கேரட் கொடுத்தனுப்பினது?"

"ரொட்டிக்காரர் குதிரைக்குத்தான்" என்றார் பால்காரர். "உன் தம்பிகிட்ட சொல்லி, கழட்டி வச்ச அந்த ஒரு லாடத்தை இன்னிக்கே அடிச்சுடச் சொல்லு. இந்தக் கல்லுல ஒரு கால் வெறுமனே நடந்தா, பாவம், அதுவும் நொண்டியாயிடும்."