கேட் டூட்டி

“இனிமே எவனும் உள்ள நுழைய முடியாது. அமெரிக்காக்காரனே வந்தாலும் கேட்டுக்கு வெளியதான் நிக்கணும்” என்று லேப்டாப்பின் முதுகைத் தட்டிக்கொடுத்தார் சம்பங்கி. அதற்கு வால் இருந்திருந்தால் ஆட்டியிருக்கும்.

மகள் மமதா போட்டுக்கொடுத்த புது சிஸ்டம். ஓப்பன்பிஎஸ்டி என்று பெயர். பெயரில்தான் ஓப்பன், உள்ளே தொட்டதெல்லாம் பூட்டு. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற மகள், பாதுகாப்புக்கென்றே பிறவி எடுத்த சிஸ்டம் இது என்று சொன்னதுமே சம்பங்கி சொக்கிப்போனார்.

சொக்காமல் என்ன செய்வார்? நந்திதுர்க் தங்கச் சுரங்கம் மூடுகிற வரைக்கும் அதன் கேட்டில் காவல் நின்றவர். உள்ளே போகிறவனை அவர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ஷிஃப்ட் முடிந்து வெளியே வருகிறவனைத்தான் தலைமுடியிலிருந்து டிபன் கேரியர் வரைக்கும் தடவிப் பார்ப்பார். அவர் காலத்தில் ஒரு கொசுகூடத் தங்கத்தூளோடு அந்தக் கேட்டைத் தாண்டியதில்லை. தாண்டப் பார்த்த கொசுவை மல்லாக்கப் போட்டுச் சோதித்ததாக அவரே சொல்லியிருக்கிறார்.

அன்றாடப் பிழைப்புக்கு அந்த சிஸ்டம் கொஞ்சம் முரடுதான். ப்ளூடூத் என்ற சங்கதியே அதற்குத் தெரியாது. பென்ஷன் ஆபீசுக்கு ஒரு போட்டோ அனுப்பப் போனால், டவுன்லோட்ஸ் என்ற ஒரே அறையைத் தவிர வேறெங்கும் எட்டிப்பார்க்க மாட்டேன் என்று பிரவுசர் அடம்பிடித்தது. கேமரா, மைக் எல்லாம் பூட்டியபடியேதான் வரும், வேண்டியதை நாம்தான் ஒவ்வொன்றாகத் திறந்துகொள்ள வேண்டும். எதைத் தொட்டாலும் பாஸ்வேர்டு கேட்டது.

“கட்டின பொண்டாட்டியக்கூட நம்பாது போல கீது. உங்க கூடப் பொறந்ததா?” என்று கேட்டுவிட்டுப் போனாள் பார்வதம்மா.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் வரப்போகிறவர்கள் சுனிலின் பெற்றோர். பெங்களூர் ரயிலில் தினமும் எதிர் சீட்டில் உட்கார்ந்து மமதாவின் மனசிலேயே சீட் பிடித்தவன் சுனில். அவன் அப்பா தாமோதரன் ஹூப்ளியில் இருக்கிறார். பெண் வீட்டாரோடு ஒருமுறை பேசிப் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வேன் என்றிருந்தார்.

அங்கேதான் மமதாவுக்குச் சிக்கலே. முன்னால் வந்த இரண்டு சம்பந்தமும் சம்பங்கியின் வாயால் ஓடிப்போனவை. ஒரு மாப்பிள்ளையை பாக்கெட்டைக் காலிசெய்து காட்டச் சொன்னார். இன்னொரு வீட்டாருக்குத் தன் பரம்பரையில் யார் யாருக்கு மூலம், யார் யார் ஜெயில் என்று காபி ஆறும்வரை விளக்கினார். சுனிலும் கைவிட்டுப் போனால் தனக்குக் கல்யாணமே வேண்டாம் என்று மமதா அம்மாவிடம் அழுதிருந்தாள்.

சனிக்கிழமை சாயங்காலமே அவள் லேப்டாப்பில் எதையோ தட்டினாள். திரையில் மீசையோடு தன் முகம் வந்ததும் சம்பங்கி பரம திருப்தியோடு எழுந்துவிட்டார். கண்ணால் பார்த்தால் போதும், காதால் கேட்பதெல்லாம் கப்சா என்பது கேட்டில் அவர் கற்ற பாடம்.

மறுநாள் காலை தாமோதரன் திரையில் வந்து கும்பிட்டார். ஏதோ சொல்ல வாயெடுத்தவரை சம்பங்கி கையமர்த்தினார். அப்புறம் யார் தடுக்க முடியும்? பூட்ஸ் அடியில் தங்கம் கடத்தியவன், அவனைப் பிடித்த கதை, அவன் தன் சொந்த மச்சினன் என்கிற விவரம், மமதாவின் முன்கோபம், அவள் ரசம் வைத்தால் தெருநாய் ஊரைவிட்டே ஓடும் சேதி என்று ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை.

நடுவில் பார்வதம்மாவின் போன் அடித்தது. அவள் அடுப்படிக்குள் போய் ஏதோ முணுமுணுத்து வைத்துவிட்டாள். அதற்கப்புறம் தாமோதரன் தலையை ஆட்டிய ஆட்டில் அவர் கழுத்து சுளுக்கிக்கொள்ளுமோ என்றே சம்பங்கிக்குக் கவலை வந்தது.

கடைசியில் தாமோதரன், தங்களுக்குப் பூரண சம்மதம், சம்பந்தி வீட்டார் பழகுவதற்கு ரொம்ப சாது என்று சொல்லிக் கும்பிட்டார்.

“பாத்தியா, என் பேச்சுக்கு மயங்காதவன் எவன் கீறான்?” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தெரு முழுக்கச் சொல்லக் கிளம்பினார் சம்பங்கி.

அவர் தலை மறைந்ததும் பார்வதம்மா மகளை அடுப்படிக்கு இழுத்தாள்.

“வாய்தான் ஆடுது, சத்தமே வரலன்னு சம்பந்தி எனக்கு போன் பண்ணாருடி. நெட்டு அப்டித்தான், நல்லதுதான் சொல்லிகினு கீறாரு, சும்மா தலைய ஆட்டுங்கன்னு சமாளிச்சேன். மைக்க தொறக்க மறந்துட்டியா இன்னா?”

மமதா காபியை ஊதினாள்.

“மறக்கலம்மா. நைனா கேட்டுல நின்னப்போ உள்ள போறதையா சோதிச்சாரு? வெளிய வர்றததானே.”